முப்பது குதிரைகளின் விலை

செஸ்னா 172 என்ற நான்கு இருக்கை விமானம் 1956-இல் விற்பனைக்கு வந்தது. இதுவரை 44,000-க்கு மேல் கட்டப்பட்டுள்ளன. வேறெந்த விமானமும் இந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. 1960-களிலும் 70-களிலும் கட்டப்பட்டவை அமெரிக்காவின் சிறு விமான நிலையங்களில் இன்றும் ஏராளமாகப் பறக்கின்றன. அரிப்பு ஏற்படாமல் பார்த்துக்கொண்டால் அந்த அலுமினிய உடலுக்கு வயது பெரிய பொருட்டல்ல. எஞ்சினுக்கு அந்த ஆயுள் கிடையாது. ஏறத்தாழ 2,000 மணி நேரம் ஓடியதும் அதை முழுக்கப் பிரித்துத் தேய்ந்ததை மாற்றிக் கட்ட வேண்டும். ஓவர்ஹால் என்பது இதுவே. ஆகவே ஓர் உடல் தன் காலத்தில் இரண்டு மூன்று எஞ்சின்களின் ஆயுளைக் கடந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் உரிமையாளருக்கு ஒரே கேள்வி: இருந்ததையே மீண்டும் மாட்டுவதா, இன்னும் வலுவான ஒன்றை மாட்டுவதா?

இந்த விமானத்தை உருவாக்கிய நிறுவனமே அந்தக் கேள்விக்குப் பலமுறை விடை சொல்லியிருக்கிறது. முதலில் வந்தவற்றில் கான்டினென்டல் ஓ-300 என்ற ஆறு சிலிண்டர் எஞ்சின் இருந்தது, 145 குதிரைத்திறன். 1968 மாடலில் நான்கு சிலிண்டர் கொண்ட லைகமிங் ஓ-320 வந்தது, 150 குதிரைத்திறன். 1977-இல் 160 ஆனது. 1986-இல் உற்பத்தி நின்று, 1990-களின் பிற்பகுதியில் மீண்டும் தொடங்கியபோது எரிபொருளைப் பீய்ச்சிச் செலுத்தும் ஐஓ-360 எஞ்சின் வந்தது. 1998-இல் வந்த 172எஸ் மாடலின் திறன் 180. நாற்பது ஆண்டுகளில் தொழிற்சாலை நடந்த தூரத்தை, பழைய விமானம் வைத்திருப்பவர் ஒரே தாவலில் கடக்கப் பார்க்கிறார். எஞ்சின் மாற்றம் என்று சொல்லும்போது பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்: 145 அல்லது 150 குதிரைத்திறன் உள்ள விமானத்தில் 180 குதிரைத்திறன் கொண்ட ஓ-360 எஞ்சினைப் பொருத்துவது.

வேகமா, ஏற்றமா?

வேகத்துக்காக இதைச் செய்பவர்கள் ஏமாந்துபோவார்கள். காற்றின் தடையை வெல்லத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. 150-இலிருந்து 180-க்குப் போனால் திறன் 20 சதவீதம் கூடுகிறது. வேகம் கூடுவதோ 6 சதவீதம்தான். மணிக்கு 210 கிலோமீட்டர் பறந்த விமானம் 223 பறக்கும். 500 கிலோமீட்டர் பயணத்தில் மிச்சமாவது எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்துக்காக யாரும் பல்லாயிரம் டாலர் செலவழிக்க வேண்டியதில்லை.

மேலே ஏறும்போது கணக்கு தலைகீழாகிறது. உயரம் மாறாமல் பறக்க எஞ்சின் ஒரு குறிப்பிட்ட திறனைக் கொடுத்தாக வேண்டும். அதற்கு மேல் மிஞ்சுவது மட்டுமே விமானத்தை உயர்த்தும். கூடுதலாகக் கிடைக்கும் 30 குதிரைத்திறனில் புரொப்பெல்லர் விழுங்கியது போக மீதி முழுவதும் இந்த மிச்சக் கணக்கில் சேர்கிறது. 1970-களின் 172எம் மாடல் முழு எடையுடன் கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு 645 அடி ஏறும். 180 குதிரைத்திறனில் அதோடு ஏறக்குறைய 300 அடி சேரும். அதாவது பாதிக்குப் பாதி அதிகம்.

உயரமான இடங்களில் வித்தியாசம் இன்னும் பெரிது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீதத் திறனை இழக்கிறது. 10,000 அடியில் 150 என்று பெயர் கொண்ட எஞ்சின் கொடுப்பது நூற்றுச் சொச்சம்தான். அங்கே ஏறும் வீதம் நிமிடத்துக்கு இருநூற்றுச் சொச்சம் அடியாகச் சுருங்கிவிடும். 180 எஞ்சின் அதை ஏறக்குறைய இருமடங்காக்கும். கொலராடோ மாநிலத்தின் லெட்வில் விமான நிலையம் 9,934 அடி உயரத்தில் இருக்கிறது. வட அமெரிக்காவிலேயே உயரமானது. கோடை நண்பகலில் காற்று மெலிந்து, அந்த ஓடுதளம் எஞ்சினுக்கு 12,000 அடி போலத் தோன்றும். அங்கே நான்கு பேரை ஏற்றிய 150 குதிரைத்திறன் விமானத்தைக் கிளப்புவது அறிவுடைமை அல்ல. மலைநாட்டில் இருப்பவர்கள், குட்டையான புல்தரை ஓடுதளம் வைத்திருப்பவர்கள், மிதவை பொருத்தி நீரிலிருந்து எழுபவர்கள் ஆகியோருக்கு இந்த மாற்றம் பாதுகாப்புச் செலவு. கடலோரச் சமவெளியில் நீண்ட ஓடுதளத்திலிருந்து தனியாக ஏறிப் பறப்பவருக்கு அது ஆசைச் செலவு.

மலிவான வழிகள்

பெரிய எஞ்சினைத் தேடுவதற்கு முன் பார்க்க வேண்டியது புரொப்பெல்லரை. 172-களில் பெரும்பாலானவற்றில் இருப்பது இதழின் சாய்வு மாறாத புரொப்பெல்லர். சாய்வைக் குறைத்தால் எஞ்சின் வேகமாகச் சுழன்று ஏற்றத்துக்கு உதவும். கூட்டினால் நேர்ப்பறப்புக்கு உதவும். தொலைதூரப் பயணத்துக்கு அமைத்த புரொப்பெல்லரை மாட்டிக்கொண்டு, விமானம் ஏறவே மாட்டேன் என்கிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் சாய்வைத் திருத்தித் தர அதற்கென உரிமம் பெற்ற பட்டறைகள் இருக்கின்றன. ஆகும் செலவு, எஞ்சின் செலவில் சிறு பின்னம்.

அடுத்த வழி, பழைய எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. 150 குதிரைத்திறன் ஓ-320-இ2டி எஞ்சினின் அழுத்த விகிதம் 7-க்கு 1. பிஸ்டன்களை மாற்றி அதை 8.5-க்கு 1 ஆக்கினால் 160 கிடைக்கும். ஓவர்ஹாலின்போது பிஸ்டன்களை எப்படியும் புதிதாகப் போடுவதால், கூடுதல் பத்துக் குதிரைகள் ஏறக்குறைய காகிதச் செலவிலேயே வந்துவிடுகின்றன. டெக்சஸின் வேக்கோ நகரிலுள்ள ராம் ஏர்கிராஃப்ட் நிறுவனம் இதற்கான அனுமதியை நெடுங்காலமாக விற்றுவருகிறது. ஆனால் ஓர் இழப்பு உண்டு. அழுத்தம் குறைந்த எஞ்சின் உரிய அனுமதியுடன் சாதாரணக் கார் பெட்ரோலில் ஓடும். அழுத்தம் கூடியபின் அந்தச் சலுகை போய்விடும். ஆக்டேனும் விலையும் கூடிய பெட்ரோலையே நிரப்ப வேண்டும்.

எல்லாவற்றிலும் விசித்திரமானது 172ஆர் மாடலின் கதை. அதிலும் 172எஸ் மாடலிலும் இருப்பது ஒரே ஐஓ-360-எல்2ஏ எஞ்சின். ஆர் மாடலில் சுழற்சி வேகத்தை நிமிடத்துக்கு 2,400-இல் நிறுத்தி 160 என்று சான்று வாங்கினார்கள். எஸ் மாடலில் 2,700 வரை விட்டு 180 என்று வாங்கினார்கள். ஆகவே ஆர் வைத்திருப்பவருக்குப் புது எஞ்சினே வேண்டாம். வேறு புரொப்பெல்லர், அளவிகளில் வேறு சிவப்புக் கோடு, தொழிற்சாலை தரும் மாற்றத் தொகுப்பின் தாள்கள் போதும். அந்த இருபது குதிரைகளும் முதல் நாளிலிருந்தே உள்ளே கட்டிப்போடப்பட்டிருந்தவை.

தாள் இல்லாமல் போல்ட் இல்லை

காரில் பெரிய எஞ்சினை மாட்ட ஒரு நல்ல மெக்கானிக் போதும். சான்றளிக்கப்பட்ட விமானத்தில் அப்படி முடியாது. எந்த உடலில் எந்த எஞ்சின், அதோடு எந்தப் புரொப்பெல்லர், எவ்வளவு எடை என்பதெல்லாம் அதன் வகைச் சான்றில் எழுதப்பட்டிருக்கிறது. அதிலிருந்து விலக வேண்டுமானால், விலகினாலும் விமானம் பாதுகாப்பானது என்று யாராவது நிரூபித்து, எஃப்.ஏ.ஏ. எனப்படும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடம் துணை வகைச் சான்று வாங்க வேண்டும். எஸ்.டி.சி. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். தனிமனிதர் ஒருவர் தன் ஒரு விமானத்துக்காக இந்த வேலையில் இறங்கினால் பொறியாளர் கூலியும் சோதனைப் பறப்பும் விமானத்தின் விலையையே விழுங்கிவிடும். அதனால் கான்சஸின் வெலிங்டன் நகரிலுள்ள ஏர் ப்ளெய்ன்ஸ், நியூயார்க் மாநிலத்தின் பென் யான் ஏரோ போன்ற நிறுவனங்கள் ஒருமுறை நிரூபித்துச் சான்று வாங்கி, அதைத் தொகுப்போடு சேர்த்துப் பலருக்கு விற்கின்றன.

நிரூபிக்க வேண்டியவை அற்பமானவை அல்ல. 172-இல் பெட்ரோல் இறக்கைத் தொட்டிகளிலிருந்து தன் எடையாலேயே கீழிறங்குகிறது. முழுத் திறனில் எஞ்சின் குடிப்பதைப்போல ஒன்றரை மடங்கு பெட்ரோல் குழாயில் இறங்க வேண்டும் என்பது விதி. எஞ்சின் பெரிதானால் குழாயும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். அதிக வெப்பத்தை வெளியேற்ற எஞ்சின் மூடிக்குள் காற்று ஓடும் வழி சரியாக இருக்க வேண்டும். எஞ்சினின் அதிர்வும் புரொப்பெல்லரின் அதிர்வும் ஒன்றையொன்று தூண்டி இதழை முறித்துவிடக் கூடாது. ஓ-360 எஞ்சினின் சில வகைகளோடு குறிப்பிட்ட ஹார்ட்செல் இரட்டை இதழ் புரொப்பெல்லரைப் போட்டால், நிமிடத்துக்கு 2,000 முதல் 2,250 வரையிலான சுழற்சியில் தொடர்ந்து ஓட்டக் கூடாது என்ற தடை இந்தக் காரணத்தால் வந்ததே. எஞ்சின் வலுத்தாலும் உடலின் உச்ச வேக வரம்பு கூடுவதில்லை என்பதையும் விமானி மறக்கக் கூடாது. இறக்கை அதே பழைய இறக்கைதான்.

எடை விஷயத்தில் மட்டும் சில மாடல்களுக்கு ஒரு போனஸ் உண்டு. 172என் மாடலில் 180 எஞ்சினைப் பொருத்தி, இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடியும் ஃப்ளாப் இறங்கும் அளவை 40 பாகையிலிருந்து 30 பாகையாகக் குறைத்தால், அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2,300 பவுண்டிலிருந்து 2,550 பவுண்டாக உயரும். கூடுதல் 113 கிலோ. ஃப்ளாப்பைக் குறைப்பது ஏன்? இறங்கவந்த விமானம் கடைசி நேரத்தில் மனம் மாறி மீண்டும் ஏற வேண்டியிருந்தால், முழுதாக இறக்கிய ஃப்ளாப்போடும் முழு எடையோடும் அது ஏறிக் காட்ட வேண்டும் என்பது சான்றின் நிபந்தனை. 40 பாகை ஃப்ளாப்பின் தடை அதற்கு இடம் கொடுக்காது. செஸ்னாவே 1981-இல் 172பி மாடலில் எடையை 2,400 ஆக்கியபோது ஃப்ளாப்பை 30 பாகையில் நிறுத்தியது. நான்கு இருக்கை என்று பெயருக்கு இருந்து, நான்கு பெரியவர்களையும் முழுத் தொட்டியையும் சேர்த்துத் தூக்க முடியாமலிருந்த விமானத்துக்கு, இந்த 113 கிலோ இருபது குதிரைகளைவிடப் பெரிய வரம். எடை வரம்பு உயராத மாடல்களிலோ நிலைமை நேர்மாறு. எஞ்சினோ புரொப்பெல்லரோ கூடுதலாகக் கனக்கும் ஒவ்வொரு கிலோவும் பயணியின் கணக்கிலிருந்து கழிகிறது.

டாலர் கணக்கு

ஓவர்ஹால் என்ற சொல்லுக்கு ஒரே விலை கிடையாது. புத்தம்புதிய எஞ்சின், உற்பத்தியாளர் புதிதின் அளவுகளுக்குத் திருப்பிக் கட்டித் தருவது, பட்டறை ஓவர்ஹால் என மூன்று படிகள் உண்டு. ஓடிய மணி பூஜ்யம் என்று லாக்புக்கைப் புதிதாகத் தொடங்க உற்பத்தியாளருக்கோ அவர் அனுமதித்தவருக்கோ மட்டுமே உரிமை. பட்டறை ஓவர்ஹாலில் பழைய மணிகள் கணக்கில் தொடர்ந்துகொண்டே இருக்கும். பழைய எஞ்சினைத் திருப்பிக் கொடுத்தால் விலையில் பெரிய தொகை கழியும். ஆனால் பிரித்துப் பார்க்கும்போது கிராங்க் கேஸில் விரிசலோ கிராங்க்ஷாஃப்ட்டில் துருவோ தெரிந்தால் அந்தக் கழிவு கிடைக்காது. வேலை பாதியில் நிற்கும்போது இந்தச் செய்தி வருவதுதான் வழக்கம்.

அமெரிக்காவில் நல்ல பட்டறையில் நான்கு சிலிண்டர் லைகமிங்கை ஓவர்ஹால் செய்வது இன்று 30,000 டாலரைத் தாண்டிவிடுகிறது. பேச்சுக்கு, பழைய ஓ-320 எஞ்சினையே ஓவர்ஹால் செய்து மாட்ட மொத்தம் 40,000 டாலர் என்றும், 180 எஞ்சின், எஸ்.டி.சி. தொகுப்பு, புரொப்பெல்லர், கூலி எல்லாம் சேர்ந்து 70,000 என்றும் வைத்துக்கொள்ளலாம். எஞ்சின் எப்படியும் ஓவர்ஹாலுக்கு வந்துவிட்ட நிலையில், மாற்றத்தின் உண்மையான விலை 70,000 அல்ல, இடையிலுள்ள 30,000. ஒரு குதிரைக்கு ஆயிரம் டாலர். அதே மாற்றத்தை இன்னும் ஆயிரம் மணி ஓடக்கூடிய நல்ல எஞ்சினைக் கழற்றிவிட்டுச் செய்தால், அந்த மீதி ஆயுளின் விலையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பழைய எஞ்சினை வாங்குபவர் அதற்கு முழு விலை தரமாட்டார். ஆகவே காலம் பார்த்துச் செய்வதில்தான் பாதிப் பணம் இருக்கிறது.

இருவருக்கு இந்தக் கணக்கு இன்னும் சாதகமாகும். ஒருவர், ஆறு சிலிண்டர் ஓ-300 வைத்திருப்பவர். அவருக்கு ஆறு சிலிண்டரின் செலவு, கிடைப்பது 145 குதிரை, உதிரிபாகங்களும் அருகிவருகின்றன. இன்னொருவர், 1977 முதல் 1980 வரையிலான 172என் வைத்திருப்பவர். அதிலுள்ள ஓ-320-எச்2ஏடி எஞ்சின், கேம்ஷாஃப்ட்டும் டேப்பெட்டும் சீக்கிரம் தேய்ந்ததால் கெட்ட பெயர் வாங்கியது. எண்ணெயில் தனிச் சேர்ப்பான் கலக்க வேண்டும் என்று அரசு உத்தரவே வந்தது. பின்னால் செய்த திருத்தங்களால் நிலைமை தேறியது. ஆனாலும் அதன் கிராங்க் கேஸ் மற்ற ஓ-320-களிலிருந்து மாறுபட்டது. தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களும் ஒரே கியரில் ஓடுகின்றன. சாதாரண ஓ-320-ஐ அப்படியே மாற்றி வைக்க முடியாது. எப்படியும் பொருத்துசட்டம் முதல் மாற்ற வேண்டுமென்றால் 180-க்கே போய்விடலாம் என்று பலர் முடிவெடுக்கிறார்கள்.

செலவு செய்த பணம் விற்கும்போது முழுதாகத் திரும்பாது. 180 மாற்றம் செய்த 172-க்குச் சந்தையில் கூடுதல் விலை உண்டு, ஆனால் செலவின் ஒரு பகுதிக்கே அது ஈடாகும். காப்பீட்டுத் தொகையை உயர்த்தி எழுதாவிட்டால், விபத்து நேரும்போது அந்தப் பகுதியும் போய்விடும்.

பட்டறையில்

சந்தையில் இன்று பணத்தைவிட நேரம் அருமையாக இருக்கிறது. புதிய எஞ்சினுக்கும் சிலிண்டருக்கும் பல மாதங்கள் காத்திருக்க வேண்டியிருப்பதால், பொருள் வந்து சேரும் முன் பழைய எஞ்சினைக் கழற்றாமலிருப்பது நல்லது. எல்லாம் கையில் இருந்தாலும் வேலை வாரக்கணக்கில் நீளும். பழைய வீட்டில் குளியலறையை மட்டும் மாற்றப் போனவர் சுவரைத் தட்டியதும் செல்லரித்த உத்திரத்தைப் பார்ப்பதுபோல, எஞ்சினைக் கழற்றியதும் தடுப்புத் தகட்டின் துரு, காய்ந்து வெடித்த ரப்பர் குழாய்கள், தேய்ந்த கட்டுப்பாட்டுக் கம்பிகள், விரிசல்விட்ட காற்றுத் தடுப்புகள் என ஒவ்வொன்றாக வெளிவரும். இவற்றைப் பார்த்த பின் அப்படியே மூடிவிட எந்த நேர்மையான மெக்கானிக்கும் சம்மதிக்க மாட்டார். ஒப்புக்கொண்ட விலைக்கு மேல் கணிசமான தொகையைத் தனியாக எடுத்து வைப்பது இதற்காகத்தான்.

பொருத்தி முடித்ததும் விமானத்தை எடைபோட்டுச் சமநிலைப் புள்ளியைத் திரும்பக் கணக்கிட வேண்டும். மூக்கு கனத்திருந்தால், பேட்டரியைப் பின்பக்கம் கொண்டுபோவதுபோல ஏதாவது செய்ய நேரும். அளவிகளின் வரம்புக் கோடுகள் மாறும். விமானக் கையேட்டில் துணைப்பகுதி சேரும். செய்ததையெல்லாம் 337-ஆம் எண் படிவத்தில் எழுதி, ஆய்வு அதிகாரம் பெற்ற மெக்கானிக் கையெழுத்திட்டு எஃப்.ஏ.ஏ.வுக்கு அனுப்புவார். அந்தத் தாள் தொலைந்த விமானத்தை விற்கும்போது, மாற்றமே இல்லாத விமானத்தை விற்பதைவிட அதிகத் தலைவலி.

விமானிக்குப் புதிய அனுமதி தேவையில்லை. அமெரிக்க விதிப்படி 200 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சினுக்கே தனிப் பயிற்சிச் சான்று வேண்டும். ஆனால் புது எஞ்சினை ஓட்டும் முறை வேறு. முதல் சில பத்து மணி நேரம், எண்ணெய்ச் செலவு ஒரு நிலைக்கு வரும்வரை, சேர்ப்பான் இல்லாத கனிம எண்ணெயில் அதிகத் திறனில் ஓட்ட வேண்டும். புதியது என்று இரக்கப்பட்டு மெதுவாக ஓட்டினால் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு படியாமல், சுவர் கண்ணாடிபோல வழவழத்து, ஆயுள் முழுக்க எண்ணெய் குடிக்கும். தளர்ந்த இணைப்பும் கசிவும் தலைகாட்டும் காலமும் இதுவே. அதனால் முதல் பறப்புகளை விமான நிலையத்துக்கு மேலேயே வட்டமிட்டு முடிப்பார்கள்; பயணிகளை ஏற்ற மாட்டார்கள்.

எரிபொருள்

75 சதவீதத் திறனில் 150 எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ 32 லிட்டர் குடிக்கும். 180 எஞ்சின் 38. பழைய 172-களின் தொட்டியில் பயன்படக்கூடியது சுமார் 144 லிட்டர். ஆகவே காற்றில் நிற்கும் நேரம் நாலரை மணியிலிருந்து மூன்றே முக்கால் மணியாகக் குறையும். த்ராட்டிலைக் குறைத்துப் பழைய வேகத்திலேயே போகிறவருக்கு இந்த இழப்பு இல்லை: ஏறும்போது 180, பிறகு பழைய செலவு. விமானப் பெட்ரோல் எங்குமே மலிவல்ல. இந்தியாவில் 2022-இல் இந்தியன் ஆயிலின் வடோதரா ஆலை தயாரிக்கத் தொடங்கும்வரை அது முழுக்க இறக்குமதியாகவே வந்துகொண்டிருந்தது. அதில் கலந்துள்ள ஈயத்தை 2030-க்குள் கைவிட அமெரிக்கா திட்டமிட்டிருப்பதால், எஞ்சின் தேர்வில் அழுத்த விகிதமும் ஆக்டேனும் முன்னைவிட முக்கியமாகியுள்ளன.

பெட்ரோலையே விட்டுவிடலாம் என்ற வழியும் ஒருமுறை பெரிதாகத் திறந்தது. ஜெர்மனியின் தீலர்ட் நிறுவனம் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரின் டீசல் எஞ்சினை அடிப்படையாக வைத்து 135 குதிரைத்திறன் செஞ்சூரியன் 1.7 எஞ்சினை உருவாக்கி, 172-க்கான சான்றையும் பெற்றது. ஜெட் எரிபொருளில் ஓடும், குறைவாகக் குடிக்கும். ஆனால் ஆயுள் முடிந்தால் ஓவர்ஹால் கிடையாது, முழு எஞ்சினையும் மாற்ற வேண்டும். கியர்பாக்ஸை 300 மணிக்கு ஒருமுறை ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். செலவில் பங்கேற்பதாக நிறுவனம் உறுதியளித்திருந்ததால் வாங்கியவர்கள் கவலைப்படவில்லை. 2008 ஏப்ரலில் நிறுவனம் திவாலானது. நிர்வாகத்தை ஏற்றவர் பழைய உறுதிமொழிகளை ரத்துசெய்து உதிரிபாக விலையை உயர்த்த, பறந்துகொண்டிருந்த விமானங்கள் தரையில் நின்றன. தீலர்ட் எஞ்சினோடு 172-ஐ விற்க அறிவித்திருந்த செஸ்னாவும் அத்திட்டத்தைக் கைவிட்டது. 2013-இல் கான்டினென்டலின் சீன உரிமையாளர்கள் அந்தத் தொழிலை வாங்கிய பிறகே நிலைமை சீரடைந்தது. எஸ்.டி.சி. வாங்குபவர் எஞ்சினோடு அதைச் செய்த நிறுவனத்தின் ஆயுளையும் வாங்குகிறார். பழைய லைகமிங் வடிவமைப்பில் பாதுகாப்பாக உணர்பவர்கள் அதிகமிருக்க, தொழில்நுட்பத்தைவிட இந்த அனுபவமே காரணம்.

மலையும் குட்டை ஓடுதளமும் இல்லாதவருக்கு, நான்கு பேராகச் சாமானோடு வேகமாகப் போவதே தேவையென்றால், 172-ஐ விற்றுவிட்டு 230 குதிரைத்திறன் கொண்ட பழைய செஸ்னா 182 ஒன்றை வாங்குவது எளிது. அதிக எடை, அதிக வேகம், பெரிய தொட்டி எல்லாம் தொழிற்சாலையிலேயே அமைந்துவிட்டவை. எரிபொருளும் பராமரிப்பும் கூடும், 200-ஐத் தாண்டுவதால் தனிப் பயிற்சிச் சான்றும் எடுக்க வேண்டும். ஆனால் மாதக்கணக்கில் விமானம் இல்லாமல் காத்திருக்க வேண்டியதில்லை. செலவழித்த பணத்தின் பெரும்பகுதி விற்பனை விலையாக விமானத்திலேயே இருக்கும்.